பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டுங்கள்: வீட்டுக்கு நர்ஸ் வரும் சர்க்கரை நோயாளிகளுக்கு முழுமையான வழிகாட்டி

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் சுகர் மாத்திரை எங்கே இருக்கும் என்று கேட்காமலே சொல்லிவிடுவேன். டிவி மேசை மேலேயோ அடுக்களை அலமாரியிலேயோ ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சாகப் பல வருஷம் நடந்ததில் கற்றுக்கொண்டது இது.

ஒரு அம்மச்சி, எழுபது தாண்டியவர். நான் வருகிற நாளில் முற்றம் தூத்து, கட்டிலில் புது விரிப்பு விரித்து, பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பார். "எல்லாம் ஒழுங்கா எடுக்கேன் மக்களே" என்பார். டின் மட்டும் கண்ணில் படாது. அடிக்கடி தலை சுற்றுகிறது, காலையில் வியர்க்கிறது என்று மருமகள் சொன்ன பிறகு ஒருநாள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கித் திறந்தேன். உள்ளே எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வாங்கிய மாத்திரையும் இருந்தது, கேரளத்துப் பாறசாலையில் வாங்கிய மாத்திரையும் இருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டிலும் சுகரை இறக்கும் ஒரே மருந்து: கிளிமெபிரைட். இரண்டு டாக்டரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எல்லையோரத்தில் இது சகஜம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது வரைபடத்தில் கோடு போட்டார்கள். நோயாளிகள் இன்றுவரை அந்தக் கோட்டைப் பார்த்து வண்டியேறுவதில்லை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு இந்தப் பக்கத்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு அந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரை, பெரிய வியாதி என்றால் இருவருக்கும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்.

சுகர் இல்லாத வீடும் குறைவு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேர், கேரளத்தில் 25.5. இங்கே நம் சாப்பாடும் உடம்பும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வருகிற ஆள் இரண்டு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க நர்சும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். கேரள அரசு 2008-லேயே பாலியேட்டிவ், அதாவது வலி தணிக்கும் பராமரிப்புக்கான கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்து ஏற்பாட்டில் நர்ஸ் வீடு தேடி வருவார். யார் வந்தாலும் உங்களோடு இருப்பது அரை மணி நேரம். மாதத்தில் மீதி நேரத்துக்குத்தான் இந்த வழிகாட்டி.

1. நர்ஸ் வருவதற்கு முந்தின நாள்

வீட்டைத் தூத்து வைக்க வேண்டாம். டின்னை எடுங்கள்.

வீட்டில் உள்ள அத்தனை மருந்தையும் ஒரு முறத்திலோ தட்டிலோ கொட்டுங்கள். இந்தப் பக்க மாத்திரை, அந்தப் பக்க மாத்திரை, மகன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது, வைத்தியர் கொடுத்த பொடி, மூட்டுவலி வரும்போது மெடிக்கலில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டு அக்கா "எனக்கு நல்லா கேட்டுது" என்று கொடுத்தது, எல்லாம். வலி மாத்திரையைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நாள்கணக்கில் எடுத்தால் ஏற்கெனவே சர்க்கரையால் அடிவாங்கிய சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும்.

பிறகு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். ஒரே சிறிய பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் இரண்டையும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டி வைத்து நர்சிடம் காட்டுங்கள். இதில் ஒரு சூட்சுமம்: இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய உண்டு. கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையில், பெயருக்குப் பின்னால் 1 அல்லது 2 என்று வருகிற எண் பெரும்பாலும் கிளிமெபிரைடின் மில்லிகிராம் அளவு. அம்மச்சி மாட்டிக்கொண்டதும் இதில்தான். ஒன்று தனி மாத்திரை, மற்றது கூட்டு மாத்திரை.

விட்டுப்போன மாத்திரைகளை மறைக்காதீர்கள். "தினமும் எடுக்கேன்" என்று சொல்லி சுகர் 280 காட்டினால், மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். அதன் பிறகு ஒருநாள் நீங்கள் உண்மையிலேயே ஒழுங்காக எடுக்க ஆரம்பித்தால் தலைசுற்றி விழுவீர்கள். நர்சின் முன்னால் நல்ல பெயர் வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

2. விரல் நுனியில் ஒரு சொட்டு

குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் அதிகம், சரியாகப் பார்க்கிறவர்கள் குறைவு. கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சக்கைப்பழம் (பலா) உரித்த கையோடு பார்த்து 340 என்று பதறி போன் பண்ணிய வீடு எனக்குத் தெரியும். கழுவிவிட்டுப் பார்த்தபோது 162.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். ரத்தம் வரவில்லை என்றால் கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி நீவுங்கள். நுனியைப் போட்டுப் பிழிய வேண்டாம். ஸ்டிரிப் டப்பாவை எடுத்தவுடனே மூடுங்கள். நம்ம ஊர் மழைக்காலத்து ஈரம் ஸ்டிரிப்பைக் கெடுத்துவிடும்.

லேப் 150 என்கிறது, மீட்டர் 165 என்கிறது, எது பொய் என்று கேட்பார்கள். இரண்டும் சரி. 100-க்கு மேல் 15 விழுக்காடு வரை வித்தியாசத்தை மீட்டருக்கான சர்வதேசத் தர விதியே அனுமதிக்கிறது.

ஸ்டிரிப் விலை சும்மா இல்லை. மாத்திரை மட்டும் எடுப்பவர், உடம்பு சீராக இருந்தால், வாரத்துக்கு இரண்டு ஸ்டிரிப்பை ஜோடியாகப் பயன்படுத்தலாம். ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, அதே சாப்பாட்டில் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த வாரம் காலைப் புட்டு, அடுத்த வாரம் மத்தியானச் சோறு, அதற்கடுத்த வாரம் ராத்திரி கஞ்சி. எந்தச் சாப்பாடு எகிற வைக்கிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது போதாது. எப்போதெல்லாம் பார்ப்பது என்று நர்சிடம் எழுதி வாங்குங்கள்.

நோட்டில் எண்ணோடு நேரத்தையும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பொதுவான இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள். வயதானவர்களுக்கும், தனியாக இருப்பவர்களுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் டாக்டர் இதைவிடத் தளர்வாகத்தான் இலக்கு வைப்பார். எண்பது வயதுத் தாத்தாவை 110-க்கு இறக்க வேண்டும் என்று மல்லுக்கட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பயம்.

3. மாத்திரை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே. வெறும் வயிற்றில் எடுத்தால் வயிறு பொருமும். மெதுவாகக் கரையும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கிளிமெபிரைட் வகை காலைச் சாப்பாட்டை ஒட்டி. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறக் கூடாது. வோக்ளிபோஸ், அகார்போஸ் வகை முதல் வாய்ச் சோற்றோடு. ஒருவேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். கால் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் நர்சிடம் கேட்டுவையுங்கள்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவல்கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான் எல்லாம் நம் வீட்டில் இருக்கிறவை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எடுக்கிறீர்கள் என்றால் நர்சிடம் சொல்லிவிட்டு எடுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு எடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: பிலிம்பிக்காய், மலையாளத்தில் இரும்பன்புளி. கொழுப்பு குறையும் என்று அதைச் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் போய்ப் படிகிறது. மீன்குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு.

4. இன்சுலின்: சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

இதை மெதுவாகப் படியுங்கள்.

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 40 குப்பியை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். 100 குப்பியைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது 50 யூனிட். முன்னது சுகரை ஏற்றும்; பின்னது ஆளையே சாய்க்கும். அதனால் கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியைக் கையில் கொண்டுபோங்கள். குப்பியில் 40 என்று இருக்கிறதா, சிரிஞ்சில் 40 என்று இருக்கிறதா, இரண்டையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு வேறு கடையில் வாங்குகிற நாளில்தான் பெரும்பாலும் மாறுகிறது.

போடும் முறை இப்படி:

கையைக் கழுவுங்கள். பால்போலக் கலங்கலாக இருக்கிற இன்சுலின் என்றால், 30/70 கலவை அப்படித்தான் இருக்கும், குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பத்து தடவை உருட்டுங்கள், பிறகு பத்து தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் நுரை வரும், அளவு தப்பும். அடியில் வெள்ளை தங்கியிருந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். கட்டி கட்டியாக மிதந்தால் தூக்கிப்போடுங்கள்.

எத்தனை யூனிட் மருந்து வேண்டுமோ அத்தனை காற்றை சிரிஞ்சில் இழுத்துக் குப்பிக்குள் செலுத்துங்கள். குப்பியைக் கவிழ்த்து மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலேற்றி வெளியே தள்ளி, அளவை மறுபடி சரிபாருங்கள். கண் மங்கலாக இருப்பவர்கள் இந்த இடத்தில் வீட்டில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை போதும், எண் தெரிந்தால் சரி.

வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரற்கடை விட்டு, அல்லது தொடையின் முன்பக்க வெளிப்புறம். போட்ட பிறகு பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம்.

நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடாதீர்கள், ஒரு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புக் கட்டி திரளும். அதில் போட்டால் வலிக்கவே வலிக்காது, ஆனால் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒரு நாள் 90, ஒரு நாள் 310 என்று சுகர் ஊஞ்சலாடுகிறவர்களின் வயிற்றைத் தடவிப் பார்த்தால் எலுமிச்சம்பழம்போலக் கட்டி இருக்கும். நர்ஸ் வரும்போது வெட்கப்படாமல் வயிற்றைக் காட்டுங்கள். கட்டியில் போடுவதை நிறுத்தி நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு அதிகமாக வேலை செய்யும் என்பதால், டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்துத்தான் மாற வேண்டும்.

30/70 கலவையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். அடுப்பில் சோறு வெந்த பிறகு போடுங்கள். சோறு வேகும் என்று நம்பிப் போட்டு, கேஸ் தீர்ந்து போன கதைகள் உண்டு.

திறக்காத குப்பி ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரிலும் அதை ஒட்டியும் வேண்டாம், உறைந்தால் இன்சுலின் செத்துவிடும். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி, நான்கு வாரத்தில் மீதியைக் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை நல்ல வழி. பானையில் பாதி தண்ணீர், காற்றுப்புகாத டப்பாவில் குப்பி, டப்பா தண்ணீரில் இருக்கட்டும், பானை நிழலில் இருக்கட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அன்றைக்கு ஃபிரிட்ஜ் வைத்திருந்தவர்களும் பானையைத்தான் தேடினார்கள்.

ஊசியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஒருவர் ஊசி இன்னொருவருக்கு, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும், எந்தக் காலத்திலும் கூடாது. குத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் நர்சிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கொடுங்கள். ரப்பர் மரத்தின் மூட்டில் வீசினால் நாளை உங்கள் காலிலேயே ஏறும்.

5. சுகர் இறங்கினால்

70-க்குக் கீழே போனால் லோ சுகர். 54-க்குக் கீழே போனால் ஆபத்து. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, கண் இருட்டுதல், பிறகு குழறல், தடுமாற்றம். சில பி.பி. மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். தூக்கத்தில் வந்தால் கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் தலைவலி.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடியுமுன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். ஒரு கட்டன் சாயா தவிர வயிற்றில் ஒன்றும் இருக்காது. முந்தின ராத்திரி போட்ட இன்சுலினோ மாத்திரையோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். மேடு பள்ளம் ஏறி இறங்கி முந்நூறு மரம் வெட்டி முடிக்கும்போது சுகர் தரைதட்டும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அப்படித்தான் காலை எட்டு மணிக்குத் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கு முன்பு குடிப்பழக்கம் உண்டு. மனைவி வாசலில் நின்று ஏச ஆரம்பித்துவிட்டார். அவர் திண்ணையில் உட்கார்ந்து, சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வார்த்தை கிடைக்காமல் திருதிருவென்று விழித்தார். மகள்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, அப்பாக்கு ஐஸ் மாதிரி வேர்க்குது" என்று சர்க்கரைத் தண்ணீர் கரைத்தாள். அன்று மீட்டரில் பார்த்தது 48.

செய்ய வேண்டியது: மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோசோ தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் பொறுங்கள், மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். மீட்டர் இல்லையா, சந்தேகமா, சர்க்கரையைக் கொடுத்துவிடுங்கள். வோக்ளிபோஸ், அகார்போஸ் எடுப்பவருக்குச் சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். சாக்லேட்டும் பாலும் மெதுவாக ஏற்றும், அவசரத்துக்கு ஆகாது.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான்.

கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளால் இறங்கிய சுகர், ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். "சர்க்கரை குடித்தார், சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், முக்கியமாக வயதானவர்களை.

வெட்டுக்குப் போகிறவர் சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கிளம்பும் முன் இரண்டு வாய் பழங்கஞ்சியாவது சாப்பிடுங்கள். எத்தனை மணிக்கு வேலை, எத்தனை மணிக்கு முதல் சாப்பாடு என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். "காலையில் ஒன்று" என்று சீட்டில் எழுதும்போது அவர் மனதில் இருப்பது எட்டு மணி, உங்களுக்குக் காலை என்பது நாலு மணி.

6. கிழங்கும் மீனும்

மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) சாப்பிடவே கூடாது என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். கிழங்கில் அதே எடைக்கு 35-க்கும் மேல். ஆகவே ஒரு வேளையில் கிழங்கு என்றால் சோறு இல்லை, சோறு என்றால் கிழங்கு இல்லை. "கொஞ்சம் கிழங்கு தொட்டுக்க" என்று சோற்றோடு வைப்பதுதான் வினை. தட்டில் கால் பங்கு கிழங்கு, கால் பங்கு மீன், பாதி கீரையோ தோரனோ. மத்தியும் அயிலையும் தாராளமாகச் சாப்பிடலாம். பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது. கருவாடு உப்பு, பி.பி. இருந்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

புட்டுக்குப் பழமும் சீனியும் வேண்டாம், பயறோ கடலையோ. ஏத்தன்பழம் பாதி, அதுவும் தனியாக. குத்தரிசி சோறு என்பதற்காக இரண்டு பங்கு போடக் கூடாது.

கருப்பட்டி விஷயத்தில் எனக்கு நிறைய சண்டை நடந்திருக்கிறது. "அது மருந்தாச்சே சிஸ்டர்" என்பார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், சுகர் அதிலும் ஏறும். அக்கானி என்கிற பதநீரும் அப்படியே. சாயாவைக் கணக்குப் போடுங்கள்: நாளுக்கு ஆறு சாயா, சாயாவுக்கு இரண்டு கரண்டி சீனி, கரண்டிக்கு 5 கிராம். மொத்தம் 60 கிராம். சோற்றைக் குறைத்து வாடுகிற பலர் இந்த 60 கிராமை எண்ணுவதே இல்லை.

7. கால்

சர்க்கரை நோயில் ஆளைப் படுக்க வைப்பது பெரும்பாலும் கால்தான். நரம்பு மரத்துப்போனால் முள் குத்தியது தெரியாது, அட்டை கடித்தது தெரியாது, கல் ஏறியது தெரியாது.

ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிஷம். வெளிச்சத்தில் உட்கார்ந்து, தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். வெளுத்து ஊறிப்போயிருந்தால் சேற்றுப்புண். கழுவித் துடைத்து, வறண்ட இடத்தில் தேங்காயெண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம், ஈரம் நின்று புண்ணாகும். நகத்தை நேராக வெட்டுங்கள். காலாணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் கிடைக்கும் காலாணி பிளாஸ்டரை ஒட்டுவதும் வேண்டாம்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் ஒரு நைலான் இழையை அழுத்திப் பார்ப்பார். இடையில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நோயாளி கண்ணை மூடிக்கொள்ளட்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரலால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். தட்டவோ தடவவோ கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு தொடல். தெரிந்தபோது "வலது", "இடது" என்று சொல்லட்டும். இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் கால் மரத்திருக்கிறது. நோட்டில் எழுதி, நர்ஸ் வரும்வரை காத்திருக்காமல் போனில் சொல்லுங்கள்.

மரத்த காலுக்கு வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மெத்தென்ற அடிப்பகுதி உள்ள செருப்பு கிடைக்கும். விரலிடை வார் மட்டும் உள்ளதைவிடப் பின்வாரும் உள்ளது நல்லது. தோட்டத்துக்கு பூட்ஸ் போடுகிறவர்கள் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கோயில் பிரகாரத்துக் கருங்கல் மத்தியானத்தில் சுடும், மரத்த காலுக்கு அது தெரியாது. விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். குளிருக்கு அடுப்பருகே காலை நீட்டுவதும் சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம்.

புண் வந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அந்தக் காலை ஊன்றாமல் வையுங்கள். காப்பிப்பொடி, மஞ்சள், ரப்பர்ப்பால் எதுவும் வேண்டாம். ஒரு நாளுக்குள் நர்சுக்குத் தெரிய வேண்டும். சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படியே; உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம், வலியே இருக்காது.

8. காய்ச்சல், வயிற்றுப்போக்கு

சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் சுகர் ஏறும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, எவ்வளவு போடுவது என்று போனில் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு ஆழமாக வாங்கினாலோ, பிதற்றினாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. சுகர் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

9. வருஷத்துக்கு ஒருமுறை

கண்ணின் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு, காலின் உணர்ச்சி. இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று தட்டிக்கழிக்காதீர்கள், விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனைச் சீட்டை மறுபக்கம் போகும்போது கொண்டுபோனால் ஒரே ரத்தத்தை இரண்டு முறை கொடுக்க வேண்டியதில்லை.

10. டின்னின் மூடிக்கு உள்ளே

ஒரு தாளில் எழுதுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ, மருந்தின் சிறிய எழுத்துப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அட்டையைப் பார்த்து அப்படியே. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை. இன்சுலின் என்றால் 40-ஆ 100-ஆ. ஒத்துக்கொள்ளாத மருந்து. நர்சின் எண், மகளின் எண், 108. அதை பிஸ்கட் டின்னின் மூடிக்கு உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும், பாறசாலைக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ, டின்னோடு போங்கள். மருந்து மாறினால் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், பழையதை அடித்துத் திருத்த வேண்டாம்.

அம்மச்சியின் டின்னில் நான் ஒட்டிய தாளை அடுத்த மாதம் போனபோது காணோம். மருமகளின் கையெழுத்தில் வேறு தாள் இருந்தது, எழுத்து பெரிதாக, மலையாளத்தில். கீழே ஒரு வரி தமிழில்: சாயாவுக்கு சீனி ஒரு கரண்டி.